பழைய ஆட்டோவின் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: பட்ட பாடும் பிடிபட்ட கணக்கும்

பழைய ரியர் இன்ஜின் ஆட்டோ வைத்திருக்கும் யாராவது பின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு, சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இந்த வேலையில் இறங்கியபோது விசாரிக்க ஆள் இல்லை. பைக்குக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள், பழைய ஜீப்புக்கு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆட்டோவுக்கு என்று கேட்டால் "போட்டுடலாம்" என்று சொல்பவர்கள்தான் கிடைத்தார்கள், போட்டு ஓட்டிப் பார்த்தவர் ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க இதிலேயே போனது. கையைவிட்டுப் போன பணம் 38,000 ரூபாய்க்கு மேல்.

வண்டி அப்பா ஓட்டியது. 1991 மாடல் பஜாஜ், டூ ஸ்ட்ரோக். இத்தாலியில் பியாஜியோ 1948-ல் கொண்டுவந்த ஆப்பே என்ற மூன்று சக்கர வண்டியின் வழியில் வந்ததுதான் இந்த ஆட்டோ வம்சம். இன்ஜினைப் பின்னால் வைத்த ஆட்டோவை பஜாஜ் 1977-ல் கொண்டுவந்தது. அப்பா தொழிலை விட்ட பிறகு பெர்மிட்டை ஒப்படைத்து, வண்டியைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு மாற்றி வைத்திருக்கிறோம். அம்மாவைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவது, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவது, இவ்வளவுதான் அதற்கு வேலை. இந்த வண்டியில் இருப்பது டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம் என்ற கிண்ணத்தை ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அழுத்தி நிறுத்தும். பிரேக் மிதியை அழுத்தினால், ஆயிலைத் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மூன்று சக்கரத்து டிரம்முக்கும் ஆயில் போகும். ஹேண்ட் பிரேக் தனியாக கேபிள் வழியாகப் பின் சக்கரத்து ஷூக்களை இழுக்கும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தொல்லைகளில் பாதி இதற்குள்தான் இருந்தது.

டிஸ்க் ஆசை வந்ததற்குக் காரணம் மழை. வட சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசி பிறந்துவிட்டால் சுரங்கப்பாதை எல்லாம் குளம்தான். முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் தண்ணீர் இருக்கும்வரை மிதித்தால் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நாள் வியாசர்பாடி பக்கம் தண்ணீரைத் தாண்டி மேடேறி, முன்னால் பஸ் நின்றதும் மிதித்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவது மிதியில் இடது பின் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சாலையின் இடது ஓரத்து நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டு நின்றது. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிஸ்க் என்றால் வெளியே திறந்திருக்கும், சுற்றும்போதே தண்ணீரை உதறிவிடும், இந்தக் கவலையே இருக்காது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அந்த எண்ணம் சரிதான். ஈரத்தில் டிஸ்க் உண்மையிலேயே டிரம்மைவிடச் சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும். அதை ஆட்டோவுக்குள் பொருத்துவதுதான் பாடு.

முதல் தடை, இடம். ஆட்டோவின் டயர் 4.00-8. கடைசியில் வரும் 8 என்பது ரிம்மின் அளவு, இன்ச்சில். அதாவது டயர் உட்காரும் இடத்தில் 203 மில்லிமீட்டர். ரிம்மின் தகட்டுத் தடிமனும் வளைவும் போக உள்ளே புழங்க மிஞ்சுவது அதைவிட நன்றாகவே குறைவு. அதற்குள் டிரம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. புதுப்பேட்டையில் மலைமலையாகக் கிடக்கும் பைக் டிஸ்க்குகள் 220, 240 மில்லிமீட்டர் என்று வரும், அவை ரிம்மைவிடவே பெரியவை. சின்ன டிஸ்க் கிடைத்தாலும் போதாது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் டிஸ்க்கின் விளிம்புக்கு வெளியே இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எட்டு இன்ச் ரிம்முக்குள்ளேயே டிஸ்க்கும் காலிப்பரும் வைப்பது நடக்காத காரியம். டிஸ்க் ரிம்முக்கு உள்பக்கமாக, டயருக்கும், சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஆர்முக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். அங்கேயும் டயரின் வயிறு பிதுங்கிக்கொண்டு நிற்கும். யாரிடமும் எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, வீலைக் கழற்றி, ஆர்மிலிருந்து டயர் உட்பக்கம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். டயரில் காற்று முழுதாக இருக்கும்போது, வண்டியில் ஆள் ஏறியிருக்கும்போது, இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும். சுமை ஏறினால் டயர் கீழ்ப்பக்கம் இன்னும் பிதுங்கும்.

இடத்துக்காக இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, பத்து இன்ச் ரிம் போடுவது. வண்டி உயரும், கியர் விகிதம் மாறும், பாரம் ஏற்றினால் மேட்டில் திணறும், மட்கார்டில் உரசும். வேண்டாம் என்றேன். இன்னொன்று, டிஸ்க்கைச் சக்கரத்திலேயே வைக்காமல் கியர்பாக்ஸ் பக்கம் அச்சின் உள்முனையில் வைப்பது. ஜாகுவார் இ-டைப் காரில் பின் டிஸ்க் அப்படித்தான் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் அந்த அச்சு அதற்காகவே செய்தது. ஆட்டோவின் அச்சும் அதன் ஜாயின்ட்டும் இன்ஜின் தரும் இழுப்புக்காகச் செய்தவை. அவசர பிரேக்கில் வரும் முறுக்கு அதைவிடப் பெரியது. ஜாயின்ட் கழன்றாலோ அச்சு முறிந்தாலோ அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கே இருக்காது. யார் எவ்வளவு சுலபம் என்று சொன்னாலும் இந்த வழிக்குப் போகாதீர்கள். கடைசியில் நாங்கள் செய்தது, குழந்தைகள் ஓட்டும் சின்ன நான்கு சக்கர குவாட் வண்டியிலிருந்து கழற்றிய ஜோடி டிஸ்க்கை எடுத்து உள்பக்கமாக வைத்து, சக்கரத்தை ஒரு ஸ்பேசரால் சற்று வெளியே தள்ளியது. ஸ்பேசர் தடிமன் கூடக்கூட பேரிங்கின் மேல் பாரம் கூடும். அதனால் தேவைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட அதிகம் வைக்காதீர்கள்.

அடுத்து ஹப், அதாவது வீலை மாட்டும் நடுக்கட்டை. பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. நடுவில் ஸ்ப்லைன் என்ற பல்வரி இருக்கும், அதுதான் அச்சில் உட்காரும். டிரம்மைக் கழற்றிவிட்டால் வீல் மாட்ட இடமே இல்லை. புதிதாக இரும்பில் ஹப் கடையலாம் என்றால் சாதாரண லேத்தில் ஸ்ப்லைன் போட முடியாது, அதற்கு வேறு மெஷின் வேண்டும், விலையும் எகிறும். டிரம்மின் வெளி வளையத்தை லேத்தில் சீவி எடுத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அதில் டிஸ்க்கை போல்ட் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது. இதில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம், உங்கள் வண்டியின் டிரம்மில் கை வைக்காதீர்கள். பழைய டிரம் ஜோடி புதுப்பேட்டையில் கிடைக்கும். எனக்கு 1,200 ரூபாய்க்கு வந்தது. வெட்டுவதை அதில் வெட்டுங்கள். வண்டியோடு வந்ததை கிரீஸ் தடவி, கோணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். எனக்குப் பின்னால் கைகொடுத்தது இந்த ஒரு காரியம்தான். வார்ப்பிரும்பில் வெல்டிங் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஒட்டினது போலிருக்கும், சூட்டில் பக்கத்திலேயே விரிசல் விடும்.

முதல் பட்டறைக்காரரைப் பற்றி எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று 8,000 முன்பணம் வாங்கினார். வண்டியை வெளியே நிறுத்தினார். பிரேக் லைனைக் கழற்றி வாயை மூடாமல் விட்டுவிட்டார். அந்த வாரம் பெய்த மழை எல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் போயிருக்கும். பிரேக் ஆயில் சிந்தி மட்கார்டில் பெயின்ட் தோல் உரிந்து நின்றது. அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காலிப்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டை 5 மில்லிமீட்டர் பட்டை இரும்பை இரண்டு துண்டாக வெட்டி வெல்டு வைத்துத் தந்தார். கேட்டதற்கு "தாங்கும் சார், டேங்கர் லாரிக்கே இதான்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரைவரும் மூன்று பேரும் ஏறினால் வண்டி சுமார் 600 கிலோ. வேகமாக நிறுத்தும்போது பின் சக்கரம் ஒவ்வொன்றும் தரையில் 100 கிலோ அளவுக்கு இழுக்கிறது என்று வைத்தால், டயரின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குப் பக்கம், காலிப்பர் கவ்வும் இடம் அச்சிலிருந்து 6.5 சென்டிமீட்டர். அதாவது அந்த பிராக்கெட்டின் மேல் 300 கிலோ இழுப்பு வரும், ஒவ்வொரு மிதிக்கும். மெதுவாக ஓட்டிய சோதனையிலேயே வெல்டின் ஓரம் மயிரிழை விரிசல் கண்டது. முன்பணம் திரும்ப வரவில்லை. அம்பத்தூரில் ஒரு சின்ன யூனிட்டில் 10 மில்லிமீட்டர் தகட்டில், வெல்டே இல்லாமல், ஒரே துண்டாக வெட்டித் தந்தார்கள். பழைய டிரம்மின் ஷூக்களைத் தாங்கிய தகடான பேக் பிளேட்டின் போல்ட் ஓட்டைகளிலேயே அது உட்கார்ந்தது, ஆர்மில் எதையும் துளைக்கவில்லை. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் இல்லாத போல்ட்டை பிரேக்கில் போடவே கூடாது.

டிஸ்க் ஆடாமல் சுற்றுகிறதா என்பதை, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. எங்களுக்கு முதலில் 0.4 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. அந்த அளவு ஆட்டம் இருந்தால், ஓடும்போது டிஸ்க்கே அதைக் கவ்வும் பேட்களைத் தட்டித்தட்டி காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும். கொஞ்ச தூரம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு மிதித்தால் முதல் மிதி பொத்தென்று கீழே போகும், இரண்டாவதில்தான் பிடிக்கும். பலரும் இதை ஏர், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஏர் இருந்தால் மிதி பஞ்சு போலிருக்கும். இது அப்படி இல்லை, இரண்டாம் மிதி கெட்டியாக இருக்கும். ஹப்பின் முகத்தை மறுபடி லேத்தில் ஒரு சீவு சீவி 0.1-க்குள் கொண்டுவந்த பிறகு சரியானது.

இனி ஆயில் பக்கம். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், எந்தக் கடைக்காரரும் வாய் திறக்காததும் இதுதான். குவாட் டிஸ்க்கோடு வந்த காலிப்பர்களில் பிஸ்டன் 25 மில்லிமீட்டர். அவற்றைப் போட்டு மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருந்தது, வண்டியோ சாவகாசமாக நின்றது. காரணம் இதுதான். டிரம்மில் முன்பக்க ஷூ டிரம்மைத் தொட்டவுடன் சுழற்சியே அதை இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும், காலின் பலம் பெருகிக் கிடைக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆயில் தருகிற அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான். அந்தக் குறையை ஈடுகட்ட பெரிய பிஸ்டன் வேண்டும். 25 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 491 சதுர மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டருக்கு 707. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், பலம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. புதிதாக 30 மில்லிமீட்டர் காலிப்பர் ஜோடி வாங்கினேன், 5,600 ரூபாய். முதல் ஜோடி வீண். அதற்காக இன்னும் பெரியதாகப் போடலாமா என்றால் அதுவும் ஆபத்து. ஈரச்சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் ஆட்டோவின் வால் சுற்றிக்கொண்டு வந்துவிடும், மூன்று சக்கர வண்டி அங்கேயே சாயும். முன்னால் டிரம் டிரம்மாகவே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பின்னால் வைக்கும் பலம் பழைய டிரம்மின் பலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

சரி, காலிப்பர் மாற்றியாயிற்று, ஏர் எடுத்தாயிற்று, தெருவில் இரண்டு சுற்று ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் இன்ஜின் இழுக்க மறுத்தது. ரப்பர் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால் டிஸ்க் கை வைக்க முடியாத சூடு, இரண்டு பின் சக்கரமும் இறுகிப் போய்விட்டன. காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் லேசானது. மறுநாளும் இதே கதை. புதிதாகப் போட்ட காலிப்பரே மோசம் என்றார் ஒருவர், பேட் தடிமன் என்றார் இன்னொருவர். கடைசியில் ஜி.பி. ரோடில் மாஸ்டர் சிலிண்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், என் கையில் இருந்ததைப் பார்த்ததுமே கேட்டார்: "தம்பி, பின்னாடி டிஸ்க் போட்டியா? உள்ள செக் வால்வ எடுத்தியா?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வெளியே போகும் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது, டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் ஒட்டி நிற்க அது உதவும். டிஸ்க்கில் பேட்டைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இல்லை. மிச்ச அழுத்தத்தில் பேட் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடேறும், ஆயில் விரியும், விரிந்த ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் இன்னும் இறுக்கும். பாய் அந்த வால்வை எடுத்துவிட்டு, முன் சக்கரத்து வீல் சிலிண்டருக்குள் கப்பை விரித்துப் பிடிக்கும் தகடு வைத்த ஸ்பிரிங்கைப் போட்டார். பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் கம்பிக்கும் நடுவில் துளி இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொடுத்தார். அது இல்லாவிட்டாலும் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு இதே போல் இறுகுமாம். வாங்கிய கூலி 350 ரூபாய். அதற்கு முன் இதே தொல்லைக்காக நான் மற்றவர்களுக்குக் கொடுத்தது 4,000-ஐத் தாண்டும்.

குழாய் விஷயத்தில் சுருக்கமாக. பிரேக் குழாயின் நட்டில் பத்து மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பிட்ச் என்று ஒரு மரை உண்டு. எட்டில் மூன்று இன்ச், இன்ச்சுக்கு 24 மரை என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுதான், ஒன்றில் ஒன்று பாதிவரை ஏறவும் ஏறும். முடுக்கினால் மரை போய்விடும், அல்லது அழுத்தி மிதிக்கும்போது கசியும். மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே பார்த்து இருக்க வேண்டும். இட நெருக்கடியில் தலைகீழாக மாட்டிவிட்டால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் உச்சியில் ஏர் நிற்கும். ரப்பர் ஹோஸ், ஆர்ம் முழுக்க ஏறி இறங்கும்போது இழுபடாமலும் டயரில் உரசாமலும் இருக்கிறதா என்று ஜாக்கியில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆயில் டாட் 4 போதும், புதிய பாட்டிலாக வாங்குங்கள். டாட் 4-ன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு அது 155 வரை இறங்கும். சென்னை ஈரத்தில் திறந்து வைத்த பாட்டிலை ஆறு மாதம் கழித்து எடுத்து ஊற்றுவது நல்லதல்ல. வேறு எந்த எண்ணெயையும் ஊற்ற விடாதீர்கள், ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

பிரேக் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் இல்லை என்பது உறைத்தது. கேபிள் இழுத்துக்கொண்டிருந்த ஷூக்களைத்தான் கழற்றியாயிற்றே. பைக், குவாட் காலிப்பர்களில் கேபிள் மாட்ட இடம் கிடையாது. ஆயில் லைனையே பூட்டி வைக்கும் ஒரு வால்வு விற்கிறார்கள், அதை நம்பி மேட்டில் நிறுத்தக் கூடாது. அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், வண்டி நீங்கள் டீக்கடையில் இருக்கும்போது உருளும். கேபிளால் இழுக்கும் தனிச் சின்ன காலிப்பர் ஒன்றை அதே டிஸ்க்கில் வேறு இடத்தில் வைப்பதுதான் வழி. அதற்கு இன்னொரு பிராக்கெட், இன்னொரு லேத் கூலி, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 6,000-க்கு மேல் ஆனது. மொத்தத் திட்டத்தையும் போடும்போதே ஹேண்ட் பிரேக்குக்கு இடம் ஒதுக்காவிட்டால் கடைசியில் பிராக்கெட்டைத் திரும்ப வெட்ட வேண்டிவரும்.

எல்லாம் முடிந்து நண்பரின் காலி மனையில் ஓட்டிப் பார்த்தபோது மனம் நிறைந்தது, மறைக்க மாட்டேன். பத்து கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, இருபது, முப்பது என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் இறங்கி டிஸ்க்கின் சூடு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். தரையை நனைத்து ஓட்டினோம். பின் சீட்டில் மணல் மூட்டை வைத்து ஓட்டினோம். நேராக நின்றது. வாளித் தண்ணீரை டிஸ்க்கில் ஊற்றிவிட்டு உடனே ஓட்டி மிதித்தாலும் நின்றது. வியாசர்பாடியில் நான் பட்ட பயத்துக்கு அது பதில்.

ஆனால் பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டும் நாள் வந்தது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு. ஆய்வாளர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார், மரியாதையாகவே பேசினார், ஆனால் முடியாது என்றுவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றியது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பிரேக்கை நல்லதுக்குத்தானே மாற்றினேன் என்று சொன்னேன். "நல்லா பண்ணிருக்கீங்க சார், ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல இதைத்தான் புடிப்பான்" என்றார். அதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழைய வண்டி என்ற சலுகை கேட்கலாமா என்று சிலர் கேட்டார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. அதிலும் வண்டி அசலாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு, அதன் பிறகு லேத்துக்குப் போங்கள். ஊருக்கு ஊர், அதிகாரிக்கு அதிகாரி மாறும் என்று யாராவது சொன்னால், விபத்து நடந்த பிறகு அந்த வாய்ச்சொல் உங்கள் பக்கம் நிற்காது.

ஆர்மில் எதையும் வெட்டாததால், அசல் டிரம்கள் கோணிக்குள் பத்திரமாக இருந்ததால், ஒரே நாளில் பழையபடி மாற்ற முடிந்தது. எடுத்த செக் வால்வை மறக்காமல் திரும்பப் போட்டோம். இந்த முறை டிரம்மை முழுதாகச் செய்தேன். நாலு பின் ஷூவுக்கும் புது லைனிங், புது வீல் சிலிண்டர், இரண்டு பக்கமும் புது ஆயில் சீல், டிரம்மின் உள்முகத்தை லேத்தில் லேசாகச் சீவியது, பிரேக் குழாய் எல்லாம் புதிது. 6,500 ரூபாய் ஆனது. கழற்றிப் பார்த்ததில், அன்று வண்டி ஒரு பக்கமாக இழுத்ததற்குக் காரணம் தெரிந்தது. வலது பக்க வீல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் துருவில் ஒட்டி அசையாமல் நின்றிருக்கிறது, போதாக்குறைக்கு ஆயில் சீல் கசிந்து அந்தப் பக்கத்து லைனிங் ஊறியிருக்கிறது. இப்போது வண்டி நேராக நிற்கிறது. தண்ணீரில் இறங்கினால் டிரம் இப்போதும் நனையத்தான் செய்யும். மேடேறியதும் முதல் கியரில் வைத்து, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஐம்பது அறுபது அடி ஓட்டினால் ஷூ காய்ந்துவிடுகிறது. மிதியில் பிடிப்பு திரும்பிய பிறகே வேகம் எடுக்கிறேன்.

டிஸ்க் சாமான்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. சாலையில் ஓட்டாமல், சொந்த இடத்துக்குள் மட்டும் ஓட்டுகிற வண்டிக்கு யாராவது செய்ய நினைத்தால் பிராக்கெட்டின் அளவுப் படத்தைத் தருகிறேன். அதை அப்படியே லேத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஆர்மில் பேக் பிளேட் ஓட்டைகளின் இடைவெளியை உங்கள் வண்டியில் அளந்து, அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, டயர் முழுச் சுற்று சுற்றும்போது எங்கும் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகு இரும்பை வெட்டச் சொல்லுங்கள்.